கனம் பார்த்து வாங்கிய மின்வழங்கி

கணிப்பொறியின் பின்புறத்தில், சுவரிலிருந்து வரும் மின்கம்பி சென்று செருகும் இடத்தில் ஒரு தகரப் பெட்டி உண்டு. வருகிற மின்சாரத்தை அடக்கி, உள்ளிருக்கும் மெல்லிய உறுப்புகள் தாங்கும் அளவுக்குப் பகிர்ந்து கொடுப்பது அதன் தொழில். கடைக்காரர்கள் அதனை எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். நான் மின்வழங்கி என்று எழுதுகிறேன். கடையில் அப்படிக் கேட்டால் கிடைக்காது என்பதையும் அறிவேன். கணிப்பொறி வாங்குவோர் திரையைப் பார்ப்பர், விசைப்பலகையைத் தட்டிப் பார்ப்பர். இந்தப் பெட்டியை எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. கணிப்பொறியின் வெளிக்கூட்டை வாங்கினால் இதனை விலையின்றியே உள்ளே வைத்துக் கொடுத்துவிடுவதும் உண்டு. அண்மையில் எங்கள் தெருவில் குடியிருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர், அவ்வாறு கிடைத்ததை நம்பலாமா, தனியே ஒன்று வாங்க வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். தமிழ் கற்பிக்கும் ஒருத்தியிடம் கேட்கத் தகுந்த கேள்வியன்று. ஆயினும் இப்பொருளில் எங்கள் குடும்பத்துக்குப் பட்டறிவு உண்டு.

பெரியப்பாவுக்குத் திருநெல்வேலி நகரில், தேரோடும் வீதியொன்றில், பாத்திரக் கடை இருந்தது. கடையை ஒட்டிப் பின்னால் வீடு. பித்தளையும் செம்பும் வெண்கலமும் எடைக்கு விற்கப்படும் பொருள்கள். ஆதலால் எங்கள் வீட்டில் எதனுடைய தகுதியும் கனத்தைக் கொண்டே அறியப்பட்டது. பெரியப்பா ஒரு குடத்தைக் கழுத்தில் பற்றித் தூக்குவார். விரல்முட்டியால் ஒரு தட்டுத் தட்டிக் காதருகே கொண்டுபோவார். பிறகு எடையைச் சொல்வார். தராசு அதனை வழிமொழியும். பூட்டு, மாம்பழம், செருப்பு ஆகிய அனைத்தும் அவர் கையில் அவ்வாறே ஏறி இறங்கின. நான் நாலாம் வகுப்புக்குப் போன ஆண்டு, புதிய பாடநூல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இந்த வருசம் கணக்கு நல்லா சத பிடிச்சிருக்கு. அறிவியல்தான் கொஞ்சம் எளச்சிட்டு" என்றார். அந்த மதிப்பீடு தேர்வில் மெய்யாயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஆண்டுதான் அத்தை எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். பெரியப்பாவுக்கும் என் தந்தைக்கும் இளையவள், விக்கிரமசிங்கபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தவள். ஏன் வந்தாள் என்பதை எவரும் எனக்குச் சொல்லவில்லை. அவளுடைய இடக்கை மணிக்கட்டு சற்றே கோணியிருந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அம்மா கூறினாள். கோடை விடுமுறைக்கு நான் அவளுடைய புகுந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். அங்கே குழாய்தான் உண்டு, கிணறு கிடையாது. இதை நான் எடுத்துச் சொன்னபோது, அம்மா என் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள்.

அத்தையின் மாமனார் ஒருமுறை வந்து போனார். "ஆனித் தேர் முடியட்டும், அனுப்பி வைக்கேன்" என்று பெரியப்பா அவரிடம் வாக்குக் கொடுத்தார். பெரியப்பா கொடுத்த வாக்கை மாற்றிக்கொண்டதாக அந்த வீதியில் எவரும் சொன்னதில்லை. அவருடைய வணிகமே அதன்மேல்தான் நின்றது.

அத்தை வழக்காடவில்லை. திருமணத்துக்கு முன்பே தமிழ்த் தட்டச்சில் மேல்நிலைத் தேர்வு எழுதித் தேறியவள் அவள். பாளையங்கோட்டையில் மூடப்பட்ட ஒரு பயிற்சி நிலையத்தின் பழைய கணிப்பொறியை எப்படியோ வாங்கி, கூடத்தை அடுத்த சிற்றறையில் வைத்துக்கொண்டாள். பலாப்பழம்போல் முதுகு பெருத்த திரை. மஞ்சள் பூத்த விசைப்பலகை. ஒரு பள்ளியின் பொன்விழா மலரைத் தட்டச்சுச் செய்து கொடுக்கும் பணி அவளுக்குக் கிட்டியது. கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் படிகள் வந்தன. நான் பள்ளி விட்டு வந்ததும் அவளருகில் அமர்ந்து உரக்கப் படிப்பேன். அவள் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் தட்டுவாள். முன்னாள் மாணவர்கள் தாளாளரைக் கதிரவன் என்றும் கற்பகத்தரு என்றும் கலங்கரை விளக்கம் என்றும் பாடியிருந்தார்கள். என் உரைநடைக்கு எதிலிருந்தேனும் கேடு நேர்ந்திருக்குமாயின், அந்த மலரிலிருந்துதான் நேர்ந்திருக்க வேண்டும்.

பணி தொடங்கிய அன்று அத்தை பெரியப்பாவிடம் சொன்னதை நான் கேட்டேன்.

"அண்ணே, இத ஒழுங்கா முடிச்சிக் குடுத்துட்டேன்னா அடுத்தடுத்து வேல வரும். நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்."

பெரியப்பா கையிலிருந்த செம்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாக்கு குடுத்துட்டனே தாயீ" என்றார். சற்றுக் கழித்து, "முடி. பாப்போம்" என்றார்.

மலர் பாதி வளர்வதற்குள் ஒருநாள் பிற்பகல் மின்சாரம் போய், விருட்டென்று திரும்பி வந்தது. வீட்டில் விளக்குகள் எரிந்தன. கணிப்பொறி மட்டும் கண் திறக்கவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து பழுதுபார்ப்பவர் சிறு மொபெட்டில் வந்து சேர்ந்தார். தொழில் தெரிந்தவர், பேச்சு அதைவிட நன்றாகத் தெரிந்தவர். கூட்டைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "எஸ்.எம்.பி.எஸ். போயிட்டுக்கா" என்றார். பிறகு வண்டிப் பையிலிருந்து சாம்பல்நிறப் பெட்டி ஒன்றை எடுத்தார்.

"கங்கைகொண்டான்ல ஒரு ஆபீசுல பழைய மிசினையெல்லாம் கழிச்சாங்க. அதுல கழத்துனது. எங்கிட்ட சும்மாதான் கெடக்கு. மாட்டித் தாரேன், துட்டு வேண்டாம்."

அத்தை தலையசைத்தாள். ஆனால் பெட்டி அவள் கைக்குப் போகும் வழியில் பெரியப்பாவின் கை குறுக்கிட்டது. அவர் அதைத் தூக்கினார், தட்டினார், காதருகே கொண்டுபோனார்.

"என்னவே, மூடி மட்டும் கொண்டாந்திருக்கீரு? பண்டத்த எங்க?"

"உள்ளதான் இருக்கு அண்ணாச்சி."

"காத்துதான் இருக்கு. சுண்டல் பொட்டலம்கூட இதவிட கனக்கும். ஆபீசுக்காரன் வேண்டாம்னு தள்ளுனத எந்தங்கச்சி தலையில கட்டுதீரா? வையும் அங்கன. நான் வாங்கிட்டு வாரேன்."

சந்திப்புத் தொடர்வண்டி நிலையத்தருகே நடைபாதையில் வானொலியும் கைவிளக்கும் கடிகாரமும் விற்பவர் ஒருவர் இருந்தார். பெரியப்பா அவரிடம் சென்று, அவரிடமிருந்த மின்வழங்கிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, மிகுந்த கனமுடையதைத் தேர்ந்து வந்தார். விலையும் மலிவு. பெட்டியின் மேல் பொன்னிற எழுத்தும் பாயும் சிங்கமும் ஒட்டப்பட்டிருந்தன. நேரே வீட்டுக்குள் கொண்டுவராமல் அதைக் கடைத் தராசின் ஒரு தட்டிலும், சாம்பல்நிறப் பெட்டியை மறு தட்டிலும் வைத்தார். சிங்கம் படாரென்று தரையில் இறங்கியது. கங்கைகொண்டான் பெட்டி அந்தரத்தில் நின்று ஊசலாடியது. அண்டைக் கடை வளையல்காரர் எழுந்து வந்து பார்த்து, "அண்ணாச்சி கைன்னா கைதான்" என்றார்.

பழுதுபார்ப்பவரும் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். "ஏயப்பா! உள்ள நெறைய செம்பு கெடக்கும் அண்ணாச்சி." செம்பு என்ற சொல் பெரியப்பாவின் செவியில் தேனாகப் பாய்ந்தது. இதில் உண்மை இல்லாமலும் இல்லை. நல்ல மின்வழங்கியினுள் செம்புச் சுருள்களும் சூட்டை வாங்கிக்கொள்ளும் அலுமினியத் தகடுகளும் தாராளமாக இருக்கும். அதனால் அது கனக்கும். பெரியப்பாவின் அளவுகோல் பிழையன்று. அந்த அளவுகோலை அவருக்கு முன்பே அறிந்திருந்த வேறொருவர் எங்கோ ஒரு பட்டறையில் அமர்ந்திருந்தார் என்பதுதான் இடர்.

சிங்கப் பெட்டி ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஓசையின்றி உழைத்தது. பெரியப்பா கடையிலிருந்து உள்ளே வரும்போதெல்லாம் அறை வாயிலில் தலையை நீட்டி, "ஓடுதாம்மா?" என்று கேட்பார். "ஓடுது அண்ணே" என்பாள் அத்தை. வெற்றிலை போட்ட வாயோடு அவர் திரும்பிச் செல்லும் நடையில் ஒரு நிறைவு தெரியும்.

ஒரு மாலையில் நான் தாளாளரின் இளமைப் பருவத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். வெடிபோட்டாற்போல் ஓர் ஓசை, நீலப் பொறி, அதன்பின் கூட்டின் பின்புறத்திலிருந்து புகை. அத்தை முதலில் என்னை இழுத்துக் கூடத்தில் தள்ளினாள். பிறகுதான் சுவர் விசையை அணைத்தாள். எரிந்த நாற்றம் அடுக்களை வரை சென்றது. அவள் திரும்பி வந்து நாற்காலியில் அமர்ந்து, இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். அதுவரை தட்டியவை யாவும் அந்தக் கூட்டினுள் இருந்தன. வேறு படி இல்லை. ஆனித் தேருக்குப் பந்தற்கால் நாட்டியாயிற்று.

மறுநாள் காலை பழுதுபார்ப்பவர் வந்தார். பெரியப்பா, அம்மா, வளையல்காரர் என எல்லோரும் சூழ்ந்து நிற்க, சிங்கப் பெட்டியின் திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினார். கருகிய உறுப்புகள் சில இருந்தன. உண்மையில் மிகச் சில. எஞ்சிய இடத்தில், கீல் பூசி ஒட்டப்பட்டு, உள்ளங்கை அளவுக்கு ஒரு சிமிட்டிக் கட்டி, வீடு கட்டும் சிமெண்டேதான், சம்மணமிட்டு அமர்ந்திருந்தது.

அம்மா விரைந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். அங்கிருந்து இருமல்போல் ஓர் ஒலி நெடுநேரம் வந்துகொண்டிருந்தது. பெரியப்பா அந்தக் கட்டியைப் பெயர்த்து எடுத்தார். வழக்கம்போல் கையில் ஏந்தினார். தட்டிப் பார்க்கவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

"அந்தச் சும்மா பெட்டிய மாட்டுங்க தம்பி" என்றாள் அத்தை.

சாம்பல்நிறப் பெட்டி மாட்டப்பட்டது. பழுதுபார்ப்பவர் விசையைத் தொடுவதற்கு முன் நெஞ்சில் சிலுவைக் குறியிட்டுக்கொண்டார்; அன்று அவர் பேச்சைக் குறைத்திருந்தது எனக்கு அச்சத்தைத் தந்தது. விசையை அழுத்தியதும் உள்ளிருக்கும் காற்றாடி மாவரைக்கும் ஆலைபோல் இரைந்தது. வீடே அதிர்ந்தது. திரையில் ஒளி வந்தது, எழுத்துகள் வந்தன. கதிரவனும் கற்பகத்தருவும் கலங்கரை விளக்கமும் ஒரு கேடுமின்றி இருந்தார்கள்.

"பொழச்சிட்டுக்கா!" என்று பழுதுபார்ப்பவர் கூவினார். "இந்த மாரி வெடிச்சா எல்லாத்தையும் சேத்துக் கொண்டுக்கிட்டுப் போயிரும். உங்க நல்ல நேரம். இந்த ஃபேன் கொஞ்சம் கத்தும். கத்துனா கத்திட்டுப் போட்டும், விட்டுருங்க."

பின்னாளில் இதைப் பற்றி நான் எண்ணிப் பார்த்ததுண்டு. விலையில்லாதது உழைத்தது, விலை கொடுத்தது வெடித்தது என்று இதைச் சுருக்கிவிடுவது தவறு. சாம்பல்நிறப் பெட்டி பிறப்பிலேயே நல்ல பெட்டி. பொறுப்புள்ள ஒருவர் செய்தது. அலுவலகத்தார் கணிப்பொறிகளை மாற்றியதால் வெளியே வந்ததேயன்றித் தன் குறையால் வந்ததன்று. கூட்டோடு கொசுறாக வருபவை பலவும் அப்படிப்பட்டவையல்ல. எங்கிருந்து வந்தது, முன்பு எங்கே உழைத்தது என்று தெரிந்தால் விலையில்லாததையும் மாட்டலாம். தெரியாவிட்டால், பொன்னெழுத்தையும் கனத்தையும் நம்பி நம் உழைப்பு முழுவதையும் அதன் பின்னால் கட்டுவது அறிவுடைமையன்று. மாணவருக்கும் இதைத்தான் சொன்னேன்.

அன்று வீதியில் பேசப்பட்டது வேறு. நான் பள்ளிக்குப் போகும்போது வளையல்காரர் கடைவாசலில் நின்று, "என்ன அண்ணாச்சி, சிமிட்டி ஏவாரம் எப்பம் தொடங்கினிய? கிலோ என்ன வெல?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா சிரிக்கவுமில்லை, சினக்கவுமில்லை. "ஒமக்குன்னா சும்மாவே தாரேன். ஒம்ம வெறும் கல்லாவுக்கு மேல வச்சிக்கிடும், காத்துல பறக்காம இருக்கும்" என்றார். வீட்டுக்குள் மட்டும் அவர் பேச்சு அருகிவிட்டது. அறை வாயிலில் தலை நீட்டுவதும் நின்றுவிட்டது. நீட்ட வேண்டிய தேவையும் இல்லை; கணிப்பொறி ஓடுகிறதா என்பது தெருமுனை வரைக்கும் கேட்டது.

தேர் ஓடி நிலைக்கு வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமையன்று விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பேருந்தில் அத்தையின் மாமனார் வந்தார். உடன் உறவினர் ஒருவர், ஒரு தட்டில் பழம், பூ. அழைத்துப்போக வந்திருந்தார்கள். அவ்வேளையில் நாங்கள் சிற்றறையில் இருந்தோம். மலரில் எஞ்சியிருந்தது பள்ளியின் விளையாட்டு வரலாறு மட்டுமே, நீண்ட கட்டுரை. நான் தொண்டை வறளப் படித்து ஏறத்தாழ முடித்திருந்தேன். ஒரு பத்தி முடிந்தால் சேமித்துவிட வேண்டும் என்பது அத்தையின் கண்டிப்பான வழக்கம். அன்று அவர்கள் வரப்போகும் செய்தி காலையில் எட்டியது முதல் அவள் அதை மறந்திருந்தாள். விரல்கள் மட்டும் தட்டிக்கொண்டிருந்தன.

கதவு ஒருக்களித்திருந்தது. கூடத்துப் பேச்சு காற்றாடி இரைச்சலின் ஊடே கேட்டது.

"தேர் முடிஞ்சிட்டு. நீங்க சொன்ன சொல்லுக்காவத்தான் இம்புட்டு நாளு பொறுத்தோம்" என்றார் மாமனார்.

"சொன்னது நெசந்தான்" என்றார் பெரியப்பா. "ஆனா நடுவுல ஒரு கேடு வந்துட்டு. அவ ஒரு பள்ளிக்கூடத்து வேலய ஏத்துக்கிட்டிருந்தா. நான் கனம் பாத்து ஒரு பெட்டிய வாங்கிக் குடுத்தேன். அது வெடிச்சிக் கம்ப்யூட்டர் படுத்துட்டு. தெருவுல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க, இன்னமும் சிரிக்காங்க. என் கையால வந்த வென. அது நேராவுத வரைக்கும் அவள எப்படி அனுப்பச் சொல்லுதிய?"

"எப்பம் நேராவும்?"

"மெட்ராசுல இருந்து சாமான் வரணும். வந்தாத்தான் வந்தது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியப்பா அறியாமல் பேசுகிறார் என்று எண்ணினேன். கணிப்பொறி என் முழங்கையருகில் இடிபோல் முழங்கிக்கொண்டிருந்தது. ஓடிச்சென்று உண்மையைச் சொல்லிவிட எழுந்தேன். அத்தையின் கை என் பாவாடையைப் பற்றி இழுத்து உட்கார வைத்தது.

"உள்ள என்னமோ சத்தம் கேக்குதே?" என்றார் மாமனார்.

"மாவாட்டுதா, எந்தம்பி பொண்டாட்டி" என்றார் பெரியப்பா.

அந்தச் சொல் முடியவும், அம்மா இரண்டு கைகளிலும் காப்பிக் குவளைகளோடு கூடத்தில் காலடி வைக்கவும் சரியாக இருந்தது. கதவிடுக்கில் அவள் முகத்தைப் பார்த்தேன். அதே கணத்தில் அத்தை எட்டி விசையை அணைத்தாள். இரைச்சல் அறுந்தது. வீட்டில் அப்படியோர் அமைதியை அதற்குப் பின்பு நான் கேட்டதில்லை.

"ஆட்டி முடிஞ்சிட்டு" என்றாள் அம்மா.

திரை இருண்டது. விளையாட்டு வரலாறு முழுவதும், நான் தொண்டை வறளப் படித்த அத்தனையும், அதோடு மறைந்தது.

மாமனார் குவளையைத் தொடவில்லை. "அப்பம், கம்ப்யூட்டர் நேராகலன்னா இவ இங்கனயேதான் இருப்பாளோ?" என்று கேட்டார்.

பெரியப்பா ஒரே சொல்லாகச் சொன்னார்:

"இருப்பா."

அவர்கள் தட்டை எடுத்துக்கொண்டே திரும்பிப் போனார்கள். பெரியப்பா அறை வாயிலுக்கு வந்து தலையை நீட்டினார். இருண்ட திரையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார்.

"ஓடுதாம்மா?"

"ஓடல அண்ணே."

"சரி. பையப் பாப்போம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். அத்தை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் மட்டும் ஐயத்துக்கு இடமின்றி அழுதேன், மறைந்த கட்டுரைக்காக.

பெரியவர்கள் இவ்வளவு குழம்பியிருக்கையில் வாளாவிருப்பது முறையன்று என்று தோன்றியது. மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் கடைக்குச் சென்று, ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பெரியப்பாவிடம் செய்தியை உடைத்தேன்.

"பெரியப்பா, அத்த மறந்து சொல்லிட்டா. கம்ப்யூட்டர் ஓடுது. அந்தச் சும்மா பெட்டி நல்லா ஓடுது."

சுவருக்கு அந்தப்புறம் அது முழங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பா கையிலிருந்த பித்தளைச் செம்பைக் கீழே வைத்தார், இருபுறமும் பார்த்தார், குனிந்து என் காதருகில் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அப்படியாட்டி? நல்ல வேள சொன்ன. ஆனா ஒங்க அத்தைக்கு இது இன்னும் தெரியாது போலுக்கு. நீயா போய்ச் சொல்லிராத, பாவம், பயந்துருவா."

நான் வாக்குக் கொடுத்தேன். மலர் அச்சாகி வந்தது. திருமண அழைப்பிதழ்கள் வந்தன. வேறு பள்ளிகளின் மலர்கள் வந்தன. விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஆள் வந்து கேட்டபோதெல்லாம், சென்னையிலிருந்து உறுப்பு வந்துசேரவில்லை என்றே பெரியப்பா சொல்லியனுப்பினார். நானும் மாலைதோறும் அந்த இரைச்சலுக்கு மேலே குரலெழுப்பி அத்தைக்குப் படித்துக் காட்டிக்கொண்டே, கணிப்பொறி ஓடுகிறது என்னும் செய்தி அவள் செவிக்கு எட்டிவிடாதபடி மிகுந்த கவனத்தோடு காத்து வந்தேன்.